மறு: வெப்ஹூக்குக்குத் தமிழ் – வலைக்கொக்கியா, விடுதூதா?

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு மென்பொருளில் ஏதாவது மாறியதும் அது தானாகவே இன்னொரு மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடுதான் வெப்ஹூக். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> வெப் என்றால் வலை, ஹூக் என்றால் கொக்கி. வலைக்கொக்கி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. எங்கள் பக்கம் ‘கொக்கி போட்டான்’ என்றால் மின்கம்பத்தில் திருட்டுத்தனமாகக் கம்பி மாட்டினான் என்று பொருள். சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் கணக்கு வழக்கை வைத்திருக்கும் மென்பொருளில், உள்ள விவரத்தை முறையாக அனுமதி வாங்கி வலைச்செயலிக்குக் கொண்டுவருவது எப்படி என்று விளக்கும் ஆவணத்தில் ‘இங்கே கொக்கி போடவும்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 2007-இல் ஜெஃப் லிண்ட்சே இந்தப் பெயரைச் சூட்டியபோது ‘ஹூக்’ ஏற்கெனவே நிரலாளர் புழங்கிய சொல். ஓடும் நிரலின் நடுவே நம் வேலையையும் நுழைக்க விட்டுவைத்த இடம். நம் கொக்கிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அது செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்துக்குப் புகார்ப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிஆர்எம் தரவை இரவு 2 மணிக்கு நகலெடுத்து எங்கள் தரவுத்தளத்தில் போட்டுக்கொள்வோம். காலை 10 மணிக்குப் பராமரிப்புப் பணம் கட்டிய ஓர் அம்மா 11 மணிக்கு ஃபோன் செய்தார். திரையில் சிவப்பாக ‘ஒப்பந்தம் காலாவதி’. இந்தப் பக்கம் பையன் “நீங்க இன்னும் பணம் கட்டலையேம்மா” என்கிறான். அந்தப் பக்கம் அவர் ரசீது எண்ணை வாசிக்கிறார். தப்பு என்னுடையது, திட்டு அவனுக்கு.

இதனால்தான் ‘லைவ் டேட்டா’வுக்கு ‘நேரலைத் தரவு’ வேண்டாம் என்கிறேன். நேரலை தொலைக்காட்சிக்காரர்கள் சொல். அந்த அம்மா விஷயத்தில் குறை ஒளிபரப்பில் இல்லை, கையில் இருந்தது நேற்றைய நகல் என்பதில்தான். நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு போல ‘நடப்புத் தரவு’ என்றால் போதும்.

சரி, நடப்புத் தரவு எப்படி வரும்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது போலிங். ரேஷன் கடைக்கு நடையாய் நடந்து “பாமாயில் வந்துருச்சா?” என்று கேட்கிற முறை. ஐந்து நொடிக்கு ஒருதரம் கேட்டால் நாளைக்கு 17,280 கேள்வி. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மின் டெவலப்பர் பதிப்பில் 24 மணி நேரத்துக்கு ஒதுக்கீடே 15,000 ஏபிஐ அழைப்புதான் (நிரல் வழியாகக் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் ஓர் அழைப்பு). நள்ளிரவில் ஆரம்பித்தால் இரவு ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். அத்தனை கேள்விக்கும் பெரும்பாலும் ‘மாற்றம் இல்லை’ என்றே பதில். வெப்ஹூக் இதற்கு நேர் எதிர். நாம் வீட்டிலேயே இருக்கலாம். பாமாயில் வந்ததும் கடைக்காரர் ஆள் அனுப்புவார்.

ஆள் அனுப்புவதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே உண்டு. அன்னம், மயில், கிளி, மேகம் என்று பத்துப் பொருளைத் தூது விடுவதைப் பற்றிப் புலவர்கள் கலிவெண்பாவில் பாடி வைத்திருக்கிறார்கள். என் பரிந்துரை: விடுதூது. வினைத்தொகை என்பதால் விட்ட தூது, விடுகிற தூது, விடும் தூது மூன்றும் அடங்கும்.

> காதல் இலக்கியச் சொல். தொழில்நுட்பத்தில் ஒட்டாது.

விசா வாங்கத் தூதரகத்துக்குப் போகிறோமே, அங்கே என்ன காதல்? அது போகட்டும். தூதுப் பாட்டில் செய்தி சொன்னால் மட்டும் போதாது, ‘மாலை வாங்கி வா’ என்றும் சொல்லி அனுப்புவார்கள். வெப்ஹூக்கிலும் அதே கதைதான்: பெறும் சேவையகம் ‘200’ (‘சரி, கிடைத்தது’ என்பதற்கான எண்) என்று பதில் தந்தால்தான் தூது முடிந்தது. சேல்ஸ்ஃபோர்ஸின் அவுட்பவுண்ட் மெசேஜ், வெப்ஹூக்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ஒப்புதல் வராவிட்டால் 24 மணி நேரம் வரை விடாமல் அனுப்பிப் பார்க்கும். கொக்கியில் இந்தப் பதிலுக்கு இடம் எங்கே?

தூதன் உண்மையானவனா என்ற கேள்விக்கும் நம்மிடம் கணையாழி இருக்கிறது. இரு தரப்புக்கும் மட்டும் தெரிந்த சாவியைக் கொண்டு எச்மேக் என்ற கணக்கு முறையில் உருவாக்கி, செய்தியோடு அனுப்பும் சிக்னேச்சரை ‘முத்திரை’ எனலாம். முத்திரை பொருந்தாத தூதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

ஆவணத்தில் சேர்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“சிஆர்எம்மில் ஒரு பதிவு மாறியதும் உங்கள் செயலிக்கு விடுதூது வரும். முத்திரையைச் சரிபார்த்ததும் ‘200’ அனுப்பிவிடுங்கள். மற்ற வேலையைப் பிறகு செய்யலாம். ஒரே தூது இரண்டு முறை வரலாம். பின்னால் கிளம்பியது முன்னால் வந்து நிற்கலாம். ஆகவே தூது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அதிலுள்ள பதிவு எண்ணைக் கொண்டு நடப்புத் தரவை ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.”

சத்தமாகப் படித்தேன், எங்கும் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுக்கும் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

போலிங்குக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. எந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ‘வாக்கெடுப்பு’ வந்து நிற்கும். ‘வினவல்’ ஏற்கெனவே குவெரிக்குப் போய்விட்டது. ‘நடைவினவல்’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஆனால் ரேஷன் கடை தெரியாதவருக்கு அந்த ‘நடை’ புரியுமா என்று சந்தேகம். வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை ஆவணத்தில் ‘போலிங்’ என்றே விட்டு வைக்கிறேன்.