பின்சக்கரத்தை வீட்டிலேயே கழற்றலாமா?

சனிக்கிழமை ஸ்பேனர்:
ஸ்ப்ளெண்டர் போன்ற டிரம் பிரேக் வண்டிக்கு, டிரம்மின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவை மாற்ற மெக்கானிக் கடை எதற்கு? சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிரேக் கம்பியின் நட்டைக் கழற்றி, அச்சை உருவினால் சக்கரம் வெளியே வந்துவிடும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, ஷூக்களை விரிக்கும் கேமில் லேசாக கிரீஸ் தடவிப் புது ஷூவைப் பொருத்த வேண்டியதுதான். ஒரு கடையில் அந்தத் தூசியை வாயால் ஊதுகிறார்கள்! அதைப் பார்த்தபின் என் வண்டியை யாரிடமும் விடுவதில்லை.

பட்டறைக்காரர்:
கழற்றுவது யாருக்கும் வரும் தம்பி. ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லையே? அது கழன்றால், பிரேக்கை மிதித்ததும் பிளேட்டும் டிரம்மோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். கம்பி வளையும், சக்கரம் இறுகி நின்றுவிடவும் கூடும். அதன் நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை மிச்சமான சாமான் என்று டப்பாவில் போட்டுவிட்டு வருபவர்களை நான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை ஸ்பேனர்:
ஒவ்வொரு முறையும் புதுப் பின்தான் போடுகிறேன் ஐயா. கடைகளில் அச்சு நட்டை எப்படி இறுக்குகிறார்கள்? சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சு வைத்திருக்கும் தெருக்கடை ஒன்றைக் காட்டுங்கள். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் தொங்குகிறார்கள். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னுக்குப் போவதால் பெடலின் ஆட்டம் (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறைந்துவிடும். அதையும் பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள். பிரேக் உரசிக்கொண்டே ஓடி டிரம் கொதிக்கிறது.

பட்டறைக்காரர்:
குழாய் மாட்டுகிறவனுக்காக நான் வாதாட வரவில்லை. பழகிய கைக்குக் குழாய் தேவையில்லை.

பாலாறு:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னுடையது சிபிஎஸ் (இரு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) உள்ள வண்டி. பெடலை மிதித்தால் முன்சக்கரமும் பிடிக்கிறது. இதற்கும் இதே முறைதானா?

பட்டறைக்காரர்:
இதைத்தான் சொல்ல வந்தேன். 2019 ஏப்ரலில் 125 சிசி வரையான புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) அல்லது சிபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பெடலிலிருந்து முன்பக்கத்துக்கும் இணைப்பு போகிறது. பின்னால் மட்டும் திருகி வைத்தால் முன்னும் பின்னும் பிடிக்கும் அளவு மாறிவிடும். கையேட்டில் உள்ள வரிசைப்படிதான் சரிசெய்ய வேண்டும்.

சனிக்கிழமை ஸ்பேனர்:
சிபிஎஸ் இணைப்பில் நானும் கைவைக்க மாட்டேன். அது உங்களுக்கே இருக்கட்டும். ஷூ மாற்றுவதை விட்டுத்தர மாட்டேன். செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இருபுறமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பெடலை மிதித்துப் பிடித்தபடி அச்சு நட்டை இறுக்குகிறேன்; ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமர்ந்துவிடுகின்றன. அவசரத்தில் இருக்கும் எந்தக் கடையில் இதைச் செய்கிறார்கள்?

பட்டறைக்காரர்:
என் கடையில் செய்கிறோம். அது கிடக்கட்டும், பிரேக்கை முழுதாக மிதித்தபோது கம்பி இழுக்கும் பிரேக் ஆர்மின் அம்புக்குறி பிளேட்டிலுள்ள குறியைத் தொட்டதா? தொடாவிட்டால் ஷூ இன்னும் தேயவில்லை. நல்ல சக்கரத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?

சனிக்கிழமை ஸ்பேனர்:
தொட்டுவிட்டது ஐயா. அதைப் பார்த்துத்தான் ஷூ வாங்கினேன்.