மண் ரோட்டுக்குத் தாங்குகிற பழைய ஸ்கூட்டர், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்கு பாலக்கோடு பக்கம். வீட்டிலிருந்து தார் ரோட்டைப் பிடிக்கவே 3 கிலோமீட்டர் மண் பாதை, மழை பெய்தால் டிராக்டர் போன தடத்தில் சக்கரம் இறங்கிவிடும், அதில்தான் அம்மா தினமும் பால் கேனை முன்னால் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார்.

கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. ஜூபிடருக்கு இரண்டு பக்கமும் 12 இன்ச் சக்கரம், ஆக்டிவாவில் 5ஜி மாடல் வரைக்கும் இரண்டுமே 10 இன்ச். குழிக்குப் பெரிய சக்கரம்தான் சரி என்று எனக்குப் படுகிறது, ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

நேற்று தருமபுரியில் ஒரு 2018 வண்டி பார்த்தேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, ஆனால் கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கினால் அடியில் தகரம் துருப்பிடித்து விரல் பட்டாலே உதிர்கிறது, முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை ஆட்டினால் டக் டக் என்று சத்தம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது ஓசூரில் கேஏ நம்பர் (கர்நாடகா பதிவு) வண்டி ஒன்று விலை குறைவாக வருகிறது. என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் நம்பருக்கு மாற்ற மொத்தம் எவ்வளவு ஆனது, எத்தனை நாள் அலைந்தீர்கள்? மாற்றியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் கூட வந்து வண்டி பார்த்துத் தருகிற மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா? அம்மா ஓட்டப்போகிற வண்டி, பிரேக்கில் துளி சந்தேகம் இருந்தாலும் வாங்க மாட்டேன்.