ஃப்ரீகேடில் ஃபில்லெட் 3 வருகிறது, 4 கொடுத்தால் சிவப்பு: உதவி தேவை

காவேரிப்பட்டணம், கேட்டவர்:
வணக்கம். மாங்கூழ் மெஷினின் கப்ளிங் ஃபிளேஞ்சு (ஷாஃப்டை மெஷினோடு இணைக்கும் வட்டத் தட்டு) கீவே மூலையில், அதாவது சாவி உட்காரும் பள்ளத்தின் மூலையில், விரிசல் விட்டுவிட்டது. பெங்களூரா மாம்பழ லோடு வருவதற்குள் புதிது செய்ய வேண்டும். பழையதை வெர்னியரில் அளந்து ஃப்ரீகேட் 0.21 என்ற 3டி வரையும் மென்பொருளில் வரைகிறேன். தட்டு 130 விட்டம், 12 கனம். அதன்மேல் எழும்பும் காலர் 62 விட்டம், 20 உயரம். போர் (நடுத்துளை) 40. பிசிடி (போல்ட் துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 100இல் 11 மி.மீ. துளை ஆறு. எல்லாம் பேட் (ஸ்கெட்சை உயர்த்துவது), பாக்கெட் (வெட்டியெடுப்பது), போலார் பேட்டர்ன் (வட்டமாக நகலெடுப்பது). கடைசியில் காலர் அடியில் 5 மி.மீ. ஃபில்லெட் (மூலையை வளைவாக்குவது). அதுவரை சரி.

விரிசல் வந்ததால் ஓனர் காலரை 82 ஆக்கச் சொன்னார். மாற்றியதும் ஃபில்லெட் சிவப்பு. 'பி-ரெப் ஏபிஐ: கமாண்ட் நாட் டன்' என்கிறது. 3 கொடுத்தால் வருகிறது, 4 கொடுத்தால் வரவில்லை. மென்பொருளைத் திரும்பப் போட்டும் பார்த்துவிட்டேன்.

தர்மபுரி, டிப்ளமோ மாணவர்:
துளை போடுவதற்கு முன்னாலேயே ஃபில்லெட் போடுங்கள் அண்ணா. எரர் போய்விடும்.

ஓசூர், லேத்காரர்:
எரர் போகும், போல்ட் உட்காராது தம்பி. கணக்கைப் பாருங்கள். பிசிடி 100 என்றால் துளை மையம் நடு அச்சிலிருந்து 50இல். துளையின் உள்விளிம்பு 44.5இல். காலர் 82 என்றால் சுவர் 41இல். நடுவில் இருப்பது மூன்றரை மில்லிதான். அதனால்தான் 3க்கு வந்தது, 4 துளைக்குள் விழுந்தது.

அதைவிட, எம்10 போல்ட்டின் வாஷர் விட்டம் 20. அது 40 வரை வரும், காலரோ 41இல் நிற்கிறது. ஃபில்லெட்டே இல்லாவிட்டாலும் வாஷர் காலர்மேல் ஏறி உட்காரும். மெஷின் பக்கத்துத் துளைகள் இருக்கும்போது பிசிடியை மாற்ற முடியாது. காலரை 72 ஆக்கி, ஃபில்லெட் 3 போடுங்கள். ஃபில்லெட் 39இல் முடியும், வாஷருக்கு ஒரு மில்லி இடம் இருக்கும். பழைய 62 காலரில் கீவேக்கு மேல் 7.7 ஆக இருந்த சுவர் 12.7 ஆகிவிடும். ஓனரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

காவேரிப்பட்டணம், கேட்டவர்:
ஒத்துக்கொண்டார் அண்ணா. 72க்கு ஃபில்லெட்டும் வந்தது. ஆனால் புதுத் தலைவலி: போர் ஸ்கெட்சுக்குள் போய் கீவேயையும் வரைந்தேன். ஃபில்லெட் காலரை விட்டுவிட்டு ஒரு போல்ட் துளை விளிம்புக்குத் தாவிவிட்டது!

தர்மபுரி, டிப்ளமோ மாணவர்:
அது உங்கள் தவறு இல்லை. விளிம்புகளை அது எட்ஜ்12, எட்ஜ்13 என்று எண் வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. நடுவில் புது விளிம்பு நுழைந்தால் வரிசை நகர்ந்துவிடும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0இல் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள்.

ஓசூர், லேத்காரர்:
எந்த வெர்ஷனானாலும், உருண்டை ஜாப்பை நான் பேட் போட்டு அடுக்க மாட்டேன். லேத்தில் எப்படி வெட்டுகிறோமோ அப்படியே வரையலாமே? எக்ஸ்-இசட் தளத்தில் பாதி வெட்டுமுகம் மட்டும்: போர் கோடு, தட்டு, காலர். காலர் அடியில் 3 ரேடியஸ் வளைவை ஸ்கெட்சிலேயே போட்டுவிடுங்கள். எல்லா அளவும் கொடுத்து ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையானதும் அச்சைச் சுற்றி 360 டிகிரி ரிவால்வ். அப்புறம் துளை ஸ்கெட்சையும் கீவே ஸ்கெட்சையும் எக்ஸ்-ஒய் தளத்தில் வையுங்கள், முகத்தின்மேல் வேண்டாம். தாவுவதற்குத் தனி ஃபில்லெட்டே இருக்காது.

காவேரிப்பட்டணம், கேட்டவர்:
இருபது நிமிடத்தில் முடிந்தது. காலரை 70, 75 என்று வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தேன், எதுவும் உடையவில்லை. கீவே அகலம் 12, போரின் எதிர்ப்பக்க அடியிலிருந்து 43.3 என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஓசூர், லேத்காரர்:
40 ஷாஃப்டுக்கு அதுதான். ஆனால் பழையது விரிசல் விட்டது எங்கே என்று சொன்னீர்கள்? கீவே மூலையில். அந்த இரண்டு மூலையையும் ஊசியாக விடாமல் 0.3 ரேடியஸ் என்று ட்ராயிங்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஸ்லாட்டிங் போடுபவர் கூர்மையாகத்தான் வெட்டித் தருவார்.

காவேரிப்பட்டணம், கேட்டவர்:
எழுதிவிட்டேன் அண்ணா. இ.என்.8 எஃகு ரவுண்டு வாங்கி, ட்ராயிங்கோடு லேத்தில் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை தருகிறார்களாம்.