விசிறிவால் சேவலின் தோகையில் வெளிறிய கோடு, நுனியும் பிய்கிறது. கண்காட்சிக்குள் சரியாகுமா?

தோகைப்பிரியன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு கிளிமூக்கு விசிறிவால் சேவல் இருக்கிறது. கீரி நிறம், ஒன்றரை வயது. மூக்கும் கண்ணும் அருமை. தை மாதம் திண்டுக்கல் பக்கம் நடக்கும் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

பிரச்சினை வாலில். நீண்ட தோகை இறகுகளின் நடுவில் குறுக்கே வெளிறிய கோடு, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில். அந்தக் கோட்டிலேயே இரண்டு இறகு ஒடிந்துவிட்டன. மற்றதெல்லாம் நுனி துடைப்பம் மாதிரி பிய்ந்திருக்கிறது. கொண்டையும் வெளுத்திருக்கிறது, காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கிறது. தீனி கம்பு, சோளம், மாலையில் முட்டைக்கோழித் தீவனம். தீவனக் கடையில் மீன் எண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தால் கோடு மறையுமா?

காக்கா கீரி:
ஒடிந்த இரண்டையும் பிடுங்கிவிடுங்கள் நண்பரே. புதுசு முளைத்துவிடும்.

கொங்குப்பண்ணை:
தம்பி, பிடுங்காதீர்கள். உடம்பில் உள்ள சின்ன இறகு என்றால் ஆறு எட்டு வாரத்தில் வந்துவிடும். விசிறிவாலின் தோகை அந்த நீளத்துக்கு வளர மாதக்கணக்கில் ஆகும். தை மாதம் கூண்டில் அரைகுறைக் குருத்தோடுதான் நிற்கும். முளைக்கிற குருத்தில் ரத்தம் ஓடும், எதிலாவது இடித்தால் ஒழுகும். அதற்கு ஒடிந்த வாலே மேல்.

கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். முளைத்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி, உயிரில்லாதது. மீன் எண்ணெய் என்ன, பாதாமே ஊட்டினாலும் அது மாறாது. இறகு முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சேவலுக்குக் காய்ச்சலோ, பட்டினியோ, பெரிய பயமோ வந்திருந்தால் அந்தச் சில நாளில் வளர்ந்த பகுதி மட்டும் மெலிந்துபோகும். எல்லா இறகிலும் ஒரே இடத்தில் கோடு என்றால் எல்லாமே அதே நாட்களில் அடி வாங்கியிருக்கின்றன. பழைய இறகு உதிர்த்த சமயத்தில் என்ன நடந்தது?

முட்டைக்கோழித் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து முட்டை ஓட்டுக்காகக் கூடுதலாகச் சேர்ப்பது. சேவலுக்கு அது வேண்டாத சுமை, நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பண்ணைக்காரி:
கொண்டை வெளுப்புக்குப் பேன், குடற்புழு இரண்டையும் பாருங்கள் தம்பி. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கி, அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பேன் முட்டை. நுனி பிய்வதற்கும் பேன் ஒரு காரணம். கூண்டு எவ்வளவு அகலம்? படுக்கும் கட்டை எவ்வளவு உயரம்?

தோகைப்பிரியன்:
பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளைக் கொத்து இருக்கிறது. கூண்டு கம்பி வலைதான், திரும்பும்போது வால் உரசுகிறது. கட்டை முழங்கால் உயரம், தோகை தரையில் படுகிறது.

கொங்குப்பண்ணை அண்ணா, இந்தச் சேவலை ஆடி மாதம் வெளியூரிலிருந்து வாங்கி வந்தேன். அப்போது வால் முளைத்துக்கொண்டிருந்தது. வந்த புதிதில் ஒரு வாரம் சரியாகத் தீனி எடுக்கவில்லை.

கொங்குப்பண்ணை:
சரி, விடை கிடைத்துவிட்டது. பயணமும் அந்த ஒரு வாரப் பட்டினியும்தான் அந்தக் கோடு. இந்த வாலோடு தை மாதம் முதல் பரிசை எதிர்பார்க்காதீர்கள். அடுத்த உதிர்ப்புதான் உங்களுக்கு உண்மையான கண்காட்சி வேலை. இறகு பெரும்பாலும் புரதம்தான். அந்த மாதங்களில் அவித்த முட்டை, எள்ளுப் புண்ணாக்கு, கிடைத்தால் கரையான் கொடுங்கள். கம்பும் சோளமும் மட்டும் போதாது. அப்போது இடம் மாற்றாதீர்கள், புதுச் சேவலைப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

பண்ணைக்காரி:
பேனுக்கு மருந்து போட்டால் ஒரு தடவையோடு விடாதீர்கள். முட்டைக்குள் இருப்பது சாகாது, ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும் போட வேண்டும். கூண்டு, கட்டை எல்லாவற்றிலும் அடியுங்கள். குடற்புழுவுக்கு எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு மருந்து வாங்குங்கள். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை இறகு முளைக்கும் பருவத்தில் கொடுத்தால் வருகிற இறகு கெட்டுப்போகும், அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலில் இருப்பது செதிலுக்குள் புகுந்திருக்கும் உண்ணி மாதிரித் தெரிகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுங்கள். வாரம் ஒருமுறை செய்யுங்கள். செதிலைப் பிய்க்கவே கூடாது. கூண்டின் உள்பக்கம் சாக்குப் படுதா கட்டி, கட்டையைத் தோகை தொங்கும் உயரத்துக்கு ஏற்றுங்கள்.

தோகைப்பிரியன்:
பரிசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை நடுவர் பார்க்கட்டும் என்று கொண்டுபோகிறேன். முந்தின நாள் குளிப்பாட்டலாமா?

காக்கா கீரி:
குளிப்பாட்டவே கூடாது, பளபளப்பு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பண்ணைக்காரி:
முந்தின நாள் குளிப்பாட்டினால் போகும்தான். மூன்று நாள் முன்பே குளிப்பாட்டினால் வாலடிச் சுரப்பி எண்ணெயை அதுவே அலகால் கோதிப் பூசிக்கொள்ளும். குழந்தை ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நுரை துளியும் நிற்காமல் அலசல். காலையிலேயே முடித்து நிழலில் உலர்த்துங்கள். இறகை வேர் முதல் நுனி வரை தடவுங்கள், எதிர்ப்பக்கம் தேய்த்தால் ஒடியும். ஒடியாமல் வளைந்து மட்டும் இருக்கும் இறகை வெந்நீர் ஆவியில் காட்டி விரலால் நீவினால் நேராகும். மேடையேற்றும் முன் கொண்டையிலும் காலிலும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிடுங்கள், வழியக் கூடாது.

கொங்குப்பண்ணை:
இப்போதிருந்தே தினமும் சிறிது நேரம் சின்னக் கூண்டில் விட்டு, ஆட்கள் பக்கத்தில் வந்து போகப் பழக்குங்கள். மிரண்டு மூலையில் ஒண்டினால் எந்த மூக்கையும் நடுவர் பார்க்க முடியாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். திரும்பி வந்ததும் மூன்று வாரமாவது மற்ற கோழிகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

தோகைப்பிரியன்:
தடுப்பூசி போட்டதாக விற்றவர் சொன்னார். என் கண்ணால் பார்க்கவில்லை.

கொங்குப்பண்ணை:
அப்படியென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் மருந்தகம் போய்க் கேளுங்கள், பேன் மருந்தையும் அங்கேயே வாங்கிவிடலாம்.