லண்டனில் முதல் வீடு: ஸ்டேஷனிலிருந்து வாசற்படி வரை

செப்டம்பரில் படிக்கவோ வேலைக்கோ லண்டன் வரப் போகிறவர்கள் ஜூன் மாதமே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "அக்கா, ஈஸ்ட்ஹாம் சேஃபா? இல்ஃபோர்டு எப்படி? டூட்டிங்கில் பொண்ணு தனியா இருக்கலாமா?" எட்டு வருடமாக இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன், நான்கு வீடு மாறிவிட்டேன். ஆனாலும் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. ஈஸ்ட்ஹாம் முழுவதிலுமா குடியிருக்கப் போகிறீர்கள்? அங்கே ஏதோ ஒரு தெருவில், ஸ்டேஷனிலிருந்து எட்டோ பதினைந்தோ நிமிடம் நடக்கும் தூரத்தில் ஒரு வீடு. வேலை முடிந்து தினமும் அந்தத் தூரத்தை எத்தனை மணிக்கு நடப்பீர்கள் என்பதுதான் விஷயம்.

என் முதல் வீட்டை நான் பார்த்தது ஜூன் மாதம், சாயங்காலம் ஏழு மணிக்கு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு வயசாளி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உடனே சரி என்றுவிட்டேன். ஜூனில் இங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. லேட் ஷிஃப்ட் முடிந்து ஒன்பதரைக்கு இறங்கினால், பூங்காவின் கம்பிவேலியை ஒட்டி ஆறு நிமிடம், அப்புறம் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு நிமிடம். பாலத்தடி விளக்கு மாதக்கணக்கில் எரியவே இல்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாவியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். மார்ச்சில் வீட்டைக் காலி செய்தேன்.

அதனால் வந்தவுடன் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவர் வீட்டிலோ குறுகிய கால அறையிலோ மூன்று நான்கு வாரம் இருங்கள். பிடித்த வீட்டுக்கு மூன்று தடவை போங்கள்: வார நாளில் காலை வேலைக்குக் கிளம்பும் நேரம், வெள்ளி அல்லது சனி இரவு பதினொரு மணி, அப்புறம் உங்கள் வேலை முடிந்து உண்மையில் வந்து சேரும் நேரம். இரவில் தனியாகப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ரயிலையும் அந்த நேரத்துக்கே பாருங்கள். ட்யூப் என்கிற சுரங்க ரயிலில் வெள்ளி, சனி இரவு முழுக்க ஓடுவது சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்காடிலி, விக்டோரியா என்கிற ஐந்து லைன்கள்தான், அதுவும் எல்லாக் கிளைகளிலும் கிடையாது. டூட்டிங் பிராட்வே ஸ்டேஷனுக்கும் இல்ஃபோர்டு பக்கத்து கேன்ட்ஸ் ஹில்லுக்கும் அந்த வசதி உண்டு. ஈஸ்ட்ஹாம் வழியாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைனில் இல்லை. கடைசி ரயிலை விட்டால் நைட் பஸ்தான். அது உங்களை வேறொரு முனையில் இறக்கிவிடும், அந்த வழியையும் நடந்து பார்க்க வேண்டும்.

போலீஸ்.யூகே என்ற அரசுத் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் தெருவாரியாகக் குற்றங்களைக் காட்டும் மேப் வரும். 2011லிருந்து இருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் லண்டனில் எந்தப் போஸ்ட்கோடு போட்டாலும் வட்டம் வட்டமாக எண்கள் வரும். அதை வாசிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். சம்பவம் நடந்த வீட்டை மேப் காட்டாது. முன்கூட்டியே குறித்து வைத்த பொதுவான புள்ளிகளில் எது அருகில் இருக்கிறதோ அதில் கொண்டுபோய் வைப்பார்கள், யார் வீடு என்று தெரியக் கூடாது என்பதற்காக. எனவே உங்கள் தெருப் பெயரில் இருக்கும் திருட்டு அடுத்த தெருவில் நடந்ததாகவும் இருக்கலாம். சூப்பர்மார்க்கெட் வாசலில் பெரிய எண் இருந்தால் அதில் பெரும்பாலானது கடைத் திருட்டாக இருக்கும், அதனால் உங்களுக்கு என்ன? வகையைப் பிரித்துப் பாருங்கள். வீடு புகுந்து திருட்டு, வழிப்பறி, வன்முறை ஆகிய மூன்றும்தான் உங்களுக்கு வேண்டியவை. கார் வைத்திருந்தால் வாகனத் திருட்டும். ஒரு மாதத்தை மட்டும் பார்க்காமல் ஒரு வருடத்தைப் பாருங்கள். இன்னொன்று, வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி இடங்களில் எண்ணிக்கை எகிறும். அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர்தான், ஆனால் தினமும் வந்து போகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை.

மேப்பில் வராத ஒன்று நம் ஆட்களின் வாயில் வரும். "அந்த ஏரியா மோசம்" என்று யாராவது சொன்னால், "அங்கே உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேரிடமிருந்து வரும் பதில் "அங்கே கறுப்பர்கள் ஜாஸ்தி" என்பதுதான். இதில் பாதுகாப்புத் தகவல் ஒன்றும் இல்லை, ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த பழக்கம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதே லண்டனில் தமிழ் இளைஞர் குழுக்கள் வெட்டிக்கொண்ட கதையைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்போது மற்றவர்கள் நம் தெருக்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? நான் இருந்ததிலேயே நிம்மதியான வீடு, எல்லோரும் வேண்டாம் என்ற கவுன்சில் எஸ்டேட்டுக்கு (நகராட்சி கட்டிய வாடகைக் குடியிருப்புக்கு) எதிரில் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது எதிர்வீட்டு ஜமைக்கா பாட்டி ஜன்னல் வழியாகக் கையாட்டுவார். நான் உள்ளே போய் லைட் போடும் வரை திரையை மூட மாட்டார்.

நடந்து பார்க்கும்போது கண்ணைத் தரையில் வையுங்கள். சுவரில் கிறுக்கியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. நடைபாதை ஓரத்தில் கல்கண்டு மாதிரி சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தால், அது உடைக்கப்பட்ட கார் ஜன்னல். ஒரே தெருவில் மூன்று இடத்தில் கிடந்தால் யோசிக்க வேண்டும். வரிசையாக நிற்கும் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால், சாவியில்லாமல் கார் தூக்குகிறவர்கள் வந்து போன தெரு என்று அர்த்தம். மூலை முடுக்கில் விரல் நீளத்துக்கு வெள்ளிக் குப்பிகள் கிடந்தால் அது லாஃபிங் கேஸ். 2023 நவம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ராத்திரி கூட்டம் கூடுகிறது, அவ்வளவுதான், அதற்காக ஓட வேண்டியதில்லை. நல்ல அடையாளமும் உண்டு. மத்தியானம் வீட்டு வாசல்களில் பார்சல்கள் எடுக்காமல் அப்படியே இருந்தால் எனக்கு அந்தத் தெரு பிடித்துவிடும்.

அப்புறம் மூலைக்கடைக்குப் போங்கள். லண்டனில் பல இடங்களில் அந்தக் கடையை நடத்துவது இலங்கைத் தமிழர்தான். ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, "இங்கே சேஃபா அண்ணா?" என்று கேட்காதீர்கள். யாரும் தன் ஏரியாவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "ராத்திரி எத்தனை மணிக்குக் கடை சாத்துவீங்க? ஏன் அந்த நேரம்?" என்று கேளுங்கள். நான் இப்போது இருக்கும் வீட்டை எடுக்கும் முன் அப்படிக் கேட்டேன். "பதினொண்டு வரைக்கும் திறந்திருப்பன், பிரச்சினை ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஆனா உந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போற ஒழுங்கையால மட்டும் ராவில போகாதையும், சுத்திப் போம்" என்றார் கடைக்காரர். ஒழுங்கை என்றால் சந்து. நான்கு நிமிடம் கூடுதல். இன்றைக்கும் சுற்றித்தான் போகிறேன்.

இன்னொரு தந்திரம் என்னோடு வேலை பார்க்கும் மலையாளிச் சேச்சி சொல்லிக்கொடுத்தது. விலை ஒப்பிடும் தளம் ஏதாவது ஒன்றில் வீட்டுப் பொருள்களுக்கோ காருக்கோ இன்ஷூரன்ஸ் கேட்டுப் பாருங்கள், வாங்க வேண்டியதில்லை. மற்ற விவரம் எல்லாம் ஒன்றாக வைத்து, போஸ்ட்கோடை மட்டும் மாற்றுங்கள். திருட்டு நடந்தால் பணம் கொடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ்காரன் எந்த ஏரியாவுக்கு அதிகம் கேட்கிறான் என்று தெரியும்.

தெரு சரியென்றால் கதவைப் பாருங்கள். தரைத்தளம் என்றால் பின்பக்கம் போய், சந்து இருக்கிறதா, தோட்டச் சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நானறிந்து திருடன் புகுந்த இரண்டு வீட்டிலும் பின்வழியாகத்தான் வந்தான். ஷேரிங் வீடு என்றால் வெளிக்கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், தீ விபத்தில் சாவி தேட நேரம் இருக்காது. ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ரூமுக்கு மூன்று பேர், ஆளுக்கொரு ஹீட்டர் என்று இருக்கிற வீட்டைப் பார்த்தால் எனக்குத் திருடனைவிடத் தீதான் பயம். ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாம் பகுதியில் வீட்டை வாடகைக்கு விட கவுன்சில் லைசென்ஸ் வேண்டும் என்ற முறை 2013லேயே வந்தது. லைசென்ஸ் உண்டா என்று ஓனரிடம் கேட்டு, கவுன்சில் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்திலும் ஜாக்கிரதை. வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் சென்னையில் இருந்தபடியே அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ஒருவர் எனக்கு அனுப்பிய "வீட்டு ஃபோட்டோ" வேறொரு விளம்பரத்திலிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட், வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகைதான் உச்சம். அதிகம் கேட்கிறவரிடம் "2019 டெனன்ட் ஃபீஸ் ஆக்ட்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், இந்த வரம்புகளைப் போட்ட சட்டம் அதுதான்.

நகையைப் பற்றி அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடிக் கம்மலும் போதும். ஆசியக் குடும்பங்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி சமயத்தில் போலீஸே எச்சரிக்கை விடுகிறது. நம்மூர் மாதிரி எல்லா பேங்கிலும் லாக்கர் கிடைக்காது. வீட்டு இன்ஷூரன்ஸிலும் நகைக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்னிடமிருந்து இந்த ஊரில் இதுவரை பறிபோனது ஒரே ஒரு பொருள்தான், ஃபோன். சவுத் கென்சிங்டனில், ம்யூசியம் பார்க்க வந்த சித்தி மகளோடு, பட்டப்பகலில். கோடீஸ்வரர்கள் வாழும் இடம். நடைபாதை விளிம்பில் நின்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சைக்கிளில் வந்தவன் நிறுத்தக்கூட இல்லை. கையில் காற்றுதான் மிஞ்சியது. ஃபோனைப் பார்க்க வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஃபோனின் அடையாள எண்ணை (IMEI) இன்றே எழுதி வையுங்கள், போலீஸ் அதைக் கேட்பார்கள். அவசரத்துக்கு 999, மற்றதற்கு 101. 999 அடித்துப் பேச முடியாத நிலை என்றால், மொபைலில் 55 அழுத்தச் சொல்லும் குரல் வரும், அப்போது அழுத்தினால் போலீஸுக்கு மாற்றிவிடுவார்கள்.

இனிமேல் "ஈஸ்ட்ஹாம் சேஃபா" என்று மட்டும் கேட்காமல் தெருப் பெயர், இறங்கும் ஸ்டேஷன், வேலை முடியும் நேரம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பக்கம் இருக்கிற யாராவது ஒரு நாள் ராத்திரி நடந்து பார்த்துச் சொல்வார்கள். ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் என்றால் நானே போகிறேன், புதன்கிழமை எனக்கு லீவு.