காஞ்சனபுரிக்கு 77 வயது அம்மாவோடு: சயாம் ரயில் பாதையில் எதை, எப்படிப் பார்ப்பது?

புதுவயல்காரன்:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல். நவம்பர் கடைசியில் அம்மாவைத் தாய்லாந்துக்குக் கூட்டிப் போகிறேன். வயது 77, முழங்கால் வலி உண்டு, ஆனாலும் மெதுவாக நடப்பார். பாங்காக், பட்டாயா எதுவும் வேண்டாமாம், சயாம் ரயில் பாதை போன காஞ்சனபுரி மட்டும் போதும் என்கிறார்.

அம்மாவின் சின்னையா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்று, சண்டை முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னதோடு சரி. திதி தெரியாததால் என் மாமா இருந்தவரை மகாளய அமாவாசைக்கு ஊருணிக்கரையில் அவர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்.

அங்கே கல்லறை மாதிரி ஏதாவது இருக்குமா? மூன்று நாள் இருக்கிறது. நேரம் இருந்தால் அம்மாவுக்கு ஓர் அருவியும் காட்ட ஆசை.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, நான் போன ஜனவரியில் போய் வந்தேன். அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் சின்னையாவைத் தேட வேண்டாம். அங்கே ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று எல்லாம் போர்க் கைதிகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, வீட்டார் எழுதிய இரண்டு வரி. புல்லை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன், ஒரு தமிழ்ப் பெயரும் கண்ணில் படவில்லை. அந்தப் பாதையில் இறந்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுவந்த கூலியாட்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது கணக்கு. அதில் நம் தோட்டத்து ஜனங்கள் எத்தனையோ ஆயிரம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட யாரும் வைக்கவில்லை. அந்தப் புல்தரையில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நீங்கள் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த கோயில். ஆசியக் கூலியாட்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்து மேலே ஒரு தூபி கட்டியிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்காக நம்மவர்கள் நாட்டிய நடுகல்லும் அந்தக் கோயிலில்தான். அம்மா கையால் ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். திரி, நல்லெண்ணெய், அகல் எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

அப்புறம் பாலம். அந்த ரயில் பாதைக்காகக் கட்டிய க்வே நதிப் பாலத்தைப் பார்த்ததும் பழைய பாலம் முழுவதும் அப்படியே நிற்கிறது என்றுதான் தோன்றும். வில்போல வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை, ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் கோண வடிவில் நிற்கும் இரண்டு சட்டங்களும், 1945-இல் குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பிறகு வைத்தவை. நடந்தே அக்கரைக்குப் போகலாம். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் மேடை உண்டு.

என் மனதில் நிற்பது பாலம் இல்லை. ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறை வெட்டு, காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே 80 கிலோமீட்டர். 1943-இல் சம்மட்டியும் உளியும் வெடியுமாக மலையை வெட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்ததால்தான் அந்தப் பெயர். பாறைச் சுவரில் துளை போடும்போது உடைந்த இரும்பு ஒன்று இன்னும் செருகியபடியே இருக்கிறது. துரு ஏறி, விரல் கனம். தொட்டுப் பார்த்தேன். நம் வீட்டு முற்றத்துக் கல்தூணைத் தொட்டால் எப்படிச் சில்லென்று இருக்கும், சுற்றியுள்ள பாறை அப்படி இருந்தது. அந்த வருட மழையில் காலரா வந்து கூலி முகாம்களில் குவியல் குவியலாகச் செத்தார்கள். வைத்தியம் பார்க்கவும் அவர்களுக்கு ஆள் இல்லை. 415 கிலோமீட்டர் பாதையை அந்த அக்டோபரிலேயே முடித்துவிட்டார்கள்.

ஆனால் படி நிறைய. அம்மா மேலே இருக்கும் காட்சிக்கூடத்தோடு நிற்கட்டும். அங்கிருந்தே பள்ளத்தாக்கு தெரியும். நீங்கள் மட்டும் இறங்கிப் பாருங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி:

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. காய்கறிச் சாப்பாடு என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். ‘ஜே’ என்று கேளுங்கள், அங்கே அதுதான் சுத்த சைவம். மஞ்சள் கொடி கட்டிய கடையில் கிடைக்கும். நான் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோய் வெறும் சோறு வாங்கிப் பிசைந்துகொண்டேன்.

கானாடுகாத்தான், இப்போது பாங்காக்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ரயிலைப் பற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் தொன்புரி நிலையத்திலிருந்துதான் வண்டி, பழைய பெரிய நிலையமான ஹுவாலம்போங்கில் போய் நிற்காதீர்கள். மரபெஞ்சும் மின்விசிறியும்தான். அவ்வளவு நேரம் அம்மாவுக்கு முதுகு வலிக்கும். அதனால் பாங்காக்கிலிருந்து காரில் போய், காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் வரை மட்டும் ரயிலில் போங்கள், சுமார் இரண்டு மணி நேரம். இடதுபக்கம் உட்காருங்கள். தாம் கிராசே என்ற இடம் வரும்போது பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், கீழே நதி. நாம் தோக்கைத் தாண்டிப் பர்மா வரை போன தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், பாதை அங்கேயே முடிகிறது. காரை அங்கே வரச் சொல்லிவிட்டால் ஹெல்ஃபயர் பாஸுக்கு அப்படியே போகலாம்.

அருவிக்கு எல்லோரும் எராவானைச் சொல்வார்கள். ஏழு அடுக்கு, இளநீலத் தண்ணீர், காலை வைத்தால் மீன் வந்து கொத்தும். மேலே ஏற ஏற வழி கரடுமுரடு, அம்மாவுக்கு முதல் இரண்டு அடுக்கு போதும். அதுவும் சிரமம் என்றால் ‘சாய் யோக் நோய்’ என்ற அருவி. நாம் தோக் பக்கத்தில், சாலையோரமாகவே தண்ணீர் விழுகிறது. பழைய நீராவி எஞ்சின் ஒன்றையும் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நவம்பரில் மழை விட்டிருக்கும், தண்ணீரும் இருக்கும். நல்ல மாதம்தான் பார்த்திருக்கிறீர்கள்.

புதுவயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்லறையில் பெயர் இருக்காது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பூஜை அலமாரியிலிருந்து இரண்டு மண் அகலைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கோயிலில் விளக்கு ஏற்றிய பிறகு நதியில் எள்ளும் தண்ணீரும் நான் இறைக்கலாமா, இறங்கப் படித்துறை இருக்கிறதா?

தேவகோட்டை ரஸ்தா:

பாலத்துக்குப் பக்கத்தில் கரை சரிவாக இருக்கும், மிதவை மேடைகளும் உண்டு. காலை ஏழு மணிக்குள் போனால் கூட்டம் இராது. எள்ளைச் சிறு பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். சின்னையா பெயரை இங்கே எழுதுங்கள், நானும் வருகிற தை அமாவாசைக்குச் சொல்கிறேன்.