புதுப்பிப்பு: ஆறு மாதம், நாளுக்கு ஒரு குளிசை

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய கிழமையில், "இரவு குளிசை போட்டால் நித்திரையே வருகுதில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு இது.

கிளினிக்கில் சொன்னேன். குளிசையில் இருக்கிற டோலுடெக்ராவிர் என்ற மருந்து சிலருக்கு அப்படிச் செய்யுமாம். காலைக்கு மாற்றச் சொன்னார்கள். இப்போது காலை ஏழு மணி, பிளேன்ரீயோடு. எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்தும் ஒரே குளிசைக்குள். போத்தல் கிலுகிலுக்கும் என்று பயந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திறப்பேன். அம்மா ஒருநாள் கேட்டேவிட்டா. "பிரஷருக்கு" என்றேன். இன்னும் அந்தப் பொய்யில்தான் இருக்கிறேன், அது வேறு கதை.

நான் விட்ட பிழை ஒன்று. நெஞ்செரிவுக்கு அன்ராசிட் குளிசையையும் கூடவே சப்பிக்கொண்டிருந்தேன். அது டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் அதைத் தொடலாம். அன்ராசிட் முதலில் என்றால் ஆறு மணித்தியால இடைவெளி வேண்டும். "தம்பி, கடையில எதை வாங்கினாலும் முதல்ல எங்களிட்டக் கேளும்" என்றா கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி.

ஆறாம் மாத வைரஸ் அளவுப் பரிசோதனை முடிவு போன கிழமை வந்தது: கண்டறிய முடியாத அளவு. மருந்தை விடாமல் இப்படியே வைத்திருந்தால் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது என்றார் டொக்டர். யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் இறங்கி இரண்டு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.